ஏழு நாற்பது போட்டின் அலை

கொடுவா அமைதியான நீரில் இருக்கும் மீன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மட்டாஞ்சேரியில் அதைக் காளாஞ்சி என்பார்கள். அகன்ற வாயும் கூரிய செவுளும் உள்ள மீன். வளர்ந்தால் கைக்குழந்தையைவிடக் கனமாக இருக்கும். தூண்டில் போடுகிறவர்கள் விடியுமுன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தெற்கே, ஆள் நடமாட்டமில்லாத ஓடைகளைத் தேடிப் போவார்கள். மதியம் திரும்பும்போது வள்ளத்தில் கரிமீன் இருக்கும், கெளுத்தி இருக்கும். கொடுவா மாதத்துக்கு ஒன்று இருந்தால் அதிசயம்.

என் அண்ணன் தெற்கே போகவில்லை. அவன் வள்ளத்தை நிறுத்தித் தூண்டில் போட்டது மட்டாஞ்சேரியில் பயணிகள் படகு வந்து நிற்கும் போட்டு ஜெட்டியை ஒட்டி, பண்டகசாலைகளின் பின்புறக் கல்சுவருக்கு எதிரே. கொச்சிக் காயலில் அதைவிடச் சந்தடியான இடம் அப்போது கிடையாது. எறணாகுளத்திலிருந்து துறைமுகம் இருக்கும் ஐலண்டு வழியாக வரும் பயணிகள் போட்டுகள், மிளகும் சுக்கும் ஏற்றிய கெட்டுவள்ளங்கள், கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் பார்ஜுகள், கடற்படையின் விசைப்படகுகள் எல்லாம் அந்த ஒரே நீரைக் கலக்கின. நீர் எந்த நேரமும் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேலே டீசல் படலம் மிதந்தது. அங்கே தூண்டிலோடு உட்கார்ந்தவனைப் பார்த்து ஊர் சிரித்ததில் வியப்பில்லை.

அண்ணனுக்கு ஐலண்டு வார்ஃபில், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டும் வேலை. தினமும் போட்டில் போய்வந்தான். கூட்டத்தோடு நடுவில் உட்காராமல் பின்பக்கம் நின்றுகொண்டு, போட்டு கிழித்துப்போட்ட அலை எங்கே போகிறது என்று பார்ப்பான். ஒருநாள் அவனுக்கு ஒரு சத்தம் கேட்டது. அலை கல்சுவரில் மோதித் திரும்பிய இடத்தில், நீரில் தேங்காய் விழுந்தது போல ஒரு கனத்த சத்தம். மறுநாளும் அதே இடம், அதே சத்தம். மூன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து, "நீ பேப்பர்காரன்தானே, கையில வாட்ச் உண்டுல்லா, எங்கூட வா" என்றான்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குத் துறைமுகச் செய்தி சேகரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல், எந்தத் துறை, எத்தனை மணி, என்ன சரக்கு. தினம் பதினைந்து வரி. அந்த வேலைக்காக வாங்கிய கைக்கடிகாரம்தான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கடிகாரம்.

அண்ணன் கண்டுபிடித்தது இதுதான். போட்டின் அலை சுவரில் மோதுகிறது. திரும்பும்போது கல் இடுக்குகளில் பதுங்கியிருக்கும் இறாலையும் பொடி நண்டையும் உருவிக்கொண்டு வருகிறது. ஜெட்டியின் மரத்தூண் நிழலில் கிடக்கும் கொடுவா அந்த நேரத்துக்குக் காத்திருக்கிறது. கலங்கல் தெளிவதற்குள் வெளியே வந்து, தின்று, மறுபடி தூணுக்குப் போய்விடுகிறது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் அலை மோதியதிலிருந்து கலங்கல் அடங்கும்வரை ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அலைக்கு முன்னால் இரை போட்டால் அது சுவரில் அடிபட்டுச் சாகும். தெளிந்தபின் போட்டால் யாரும் வருவதில்லை. இரண்டாவது அலை திரும்பும்போது உயிர் இறாலை இறக்க வேண்டும். ஒரு போட்டுக்கு ஒரே ஒரு தடவை. பிறகு அடுத்த போட்டுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆறு இருபது, ஆறு நாற்பத்தைந்து, ஏழு பத்து, ஏழு நாற்பது. காலைப் போட்டுகள் எனக்கு இன்றும் மனப்பாடம். ஏழு நாற்பதுதான் பெரியது, ஆபீஸ் போட்டு. அதன் அலை கல்சுவரின் மூன்றாவது வரிசைவரை ஏறும்.

அந்தப் போட்டை ஓட்டிய ஸ்ராங்கு தலையை வெளியே நீட்டி எங்களைக் கூப்பிடாமல் ஒருநாளும் போனதில்லை.

"எடோ பாண்டி, மீனு டிக்கட் எடுத்தோ?"

"சீசன் டிக்கட்டாக்கும் சேட்டா!" என்று அண்ணன் பதிலுக்குக் கத்துவான். போட்டிலிருந்தவர்கள் சிரிப்பார்கள். அலை எங்களைத் தூக்கிப்போடும். அண்ணன் சிரித்துக்கொண்டே இறாலை இறக்குவான்.

அந்தப் பருவத்தில் அவன் ஒன்பது கொடுவா பிடித்தான். எண்ணியது நான்.

அப்பா அதில் ஒன்றிரண்டைத்தான் தின்றார். முப்பது வருஷம் சுக்குப் பண்டகசாலையில் மேஸ்திரியாக இருந்தவர். வெளுப்பாக்குவதற்காகச் சுக்குக்குச் சுண்ணாம்பு போட்டுப் புரட்டுவார்கள். அந்தத் தூசி மூடுபனி மாதிரி கட்டடத்துக்குள் நிற்கும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த நாளிலிருந்து அவர் சுவாசித்தது அதைத்தான். கடைசி வருஷம் படுக்கையோடு படுக்கையாக இருந்தார். மூச்சு முட்டும்போது யாராவது முதுகைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். மெலிந்துவிட்டாலும் உயரமான மனிதர். அம்மாவால் தனியாக முடியாது. மூச்சு முட்டல் அடிக்கடி வரத் தொடங்கியபின், அண்ணன் வேலைக்குப் போனால் நானும், நான் போனால் அண்ணனும் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு; சேர்ந்து தூண்டிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தோம்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அப்பா தெளிவாக இருந்தார். சாயங்காலம் கஞ்சி குடித்தார். "ஒரு கொடுவாக் கொழம்பு வச்சா தின்னுவேன்டே" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். பல வாரங்களாக எதுவும் கேட்காத மனிதர். அம்மா எழுந்துபோய் அப்போதே மிளகாய் வறுக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் போணுமா? ஒருத்தன் இருக்கப்பிடாதா?"

"மணி பாக்க இவன் வேணும்மா" என்றான் அண்ணன். "எல்லாம் ஒரு மணிக்கூருதான்."

"ஏழரைக்குள்ள வந்துரணும். அவர ஒத்தைக்கு என்னால தூக்க முடியாது, கேட்டியா?"

"ஏழு பத்துப் போட்டு போன ஒடனே வந்துருவோம்."

ஆறு இருபதுக்கு ஒன்றுமில்லை. ஆறு நாற்பத்தைந்துக்கு இறாலின் தலையை நண்டு கடித்துக்கொண்டுபோனது. ஏழு பத்துக்கு அந்தக் கனத்த சத்தம் கேட்டது, ஆனால் எங்களுக்கு இரண்டு வள்ளத் தூரம் தள்ளி. அண்ணன் தூண்டில் நூலைச் சுற்றினான்.

"மதிடே, போதும். போவோம். அம்மை ஒத்தைக்கு நிக்கா."

அவன் நங்கூரக் கல்லின் கயிற்றைப் பாதி இழுத்துவிட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஏழு நாப்பது இருக்குல்லா அண்ணே. பெரிய அலை. மீனு இங்கதான் நிக்கு, சத்தம் கேட்டோமே. அரை மணி நேரந்தான். அப்பா நல்லாத்தானே இருந்தாரு."

இதை நான் சொன்னேன். சொற்கள் ஏறக்குறைய இவைதான். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். பிறகு கையைத் தளர்த்தினான். கல் கீழே போனது.

ஏழு நாற்பது போட்டு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. ஸ்ராங்கு வழக்கம்போல ஏதோ கத்தினான். இரண்டாவது அலை திரும்பும்போது அண்ணன் இறக்கினான். கொடுவா வெடுக்கென்று இழுக்கிற மீனில்லை. முதலில் நூல் தளர்ந்து நம் பக்கமாக வரும். பிறகு யாரோ வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டது போலக் கனக்கும். அதன்பின் அது தூணை நோக்கி ஓடும். தூணில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓட்டில் நூல் உரசினால் தீர்ந்தது. அண்ணன் அதை ஓடவிடவில்லை. இரண்டுமுறை நீருக்கு மேலே எழுந்து வாயைத் திறந்து தலையை உதறியது. நான் வலையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். நல்ல மீன். அந்தப் பருவத்திலேயே பெரியது.

நாங்கள் கரைக்கு வரும்போது மணி எட்டு ஐந்து. "நீ வள்ளத்தக் கெட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு, செவுளில் விரலைக் கோத்து மீனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் ஓடினான். நான் வள்ளத்தைக் கட்டி, துடுப்பையும் இறால் டப்பாவையும் எடுத்து வைத்துவிட்டுப் பின்னால் போனேன். மூன்று நிமிட வித்தியாசம் இருக்கலாம். அந்த மூன்று நிமிடத்தால் அம்மா பார்த்தது கையில் மீனோடு நின்ற அவனைத்தான். நான் போய்ச் சேரும்போது என் கையில் ஒன்றுமில்லை.

அப்பா ஏழரைக்குச் சற்றுப் பின் மூச்சு முட்டித் தவித்திருக்கிறார். பெரியவன் எங்கே என்று இரண்டுமுறை கேட்டிருக்கிறார். அம்மா தூக்க முயன்று, முடியாமல், தெருவைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். பண்டகசாலைக்கு மூட்டை சுமந்துபோன ஒரு ஆள் சுமையைப் போட்டுவிட்டு உள்ளே வந்து அப்பாவின் முதுகைத் தாங்கியிருக்கிறார். மூத்த மகன் கையால் போக வேண்டிய கடைசித் தண்ணீரை அவர்தான் டம்ளரிலிருந்து ஊற்றினார். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் யார், எந்தப் பண்டகசாலை என்று நான் விசாரித்தேன். தெரியவில்லை.

அம்மா அழவில்லை. வாசலில் நின்ற அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கையில் மீனின் வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"கிட்டிச்சா?" என்றாள்.

அவள் அவனோடு நேராகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அண்ணன் அவளிடம், தம்பிதான் இருக்கச் சொன்னான் என்று சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பதினாறாம் நாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் சொல்வது கடினமாயிற்று. ஒரு மாதம் போனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் வேண்டியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அம்மா மூன்று வேளையும் அண்ணனுக்குச் சோறு போட்டாள். அவன் சட்டையைத் துவைத்தாள். காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்தாள். பேச வேண்டியது இருந்தால் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அவனுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு."

அவன் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பான். "மதின்னு சொல்லு" என்பான் இலையைப் பார்த்தபடி.

"மதியாம்" என்று நான் சொல்வேன்.

ஒருவர் சொன்னதை மாற்றாமல் இன்னொருவரிடம் சேர்ப்பது எனக்குத் தொழிலால் வந்த பழக்கம். அந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ வாக்கியங்களை நான் அந்த மூன்றடித் தூரம் கொண்டுபோனேன். கொண்டுபோக வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் என்னிடமே இருந்தது.

அண்ணன் தூண்டிலைத் தொடவில்லை. போட்டில் போகும்போது பின்பக்கம் நிற்பதையும் விட்டுவிட்டான்.

ஆண்டுப் படையல் நெருங்கியது. இறந்தவர் கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்ட பண்டத்தை அன்றைக்கு இலையில் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒரு வாரம் இருக்கும்போது அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"சந்தையில சொல்லி வையி. படையலுக்கு ஒரு கொடுவா வேணும்."

கதவோரம் நின்ற அண்ணன், "கடையில வாங்காண்டாம்னு சொல்லு. நான் பிடிச்சுத் தாறேன்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பிடிக்கட்டும்" என்றாள். விளக்கைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அண்ணன் என்னைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"யாரப் பாத்துச் சொன்னா? உன்னையா, என்னையா?"

"சொவரப் பாத்து."

"சொவருன்னா எனக்குத்தான்டே. ஒனக்குன்னா ஒன் மூஞ்சியப் பாத்துல்லா சொல்லுவா." ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய சிரிப்பின் ஒரு ஓரம் தெரிந்தது. "இத மட்டும் கொண்டு குடுத்துட்டா அவ பேசிருவா. நீ பாரு."

அன்று சாயங்காலமே பரணிலிருந்து தூண்டில் பெட்டியை இறக்கினான். முட்கள் துருப்பிடித்திருந்தன. ஒரு கப்பல் மாலுமியிடம் கேட்டுப் புதிய தங்கூசி நூல் வாங்கி வந்தான். பருத்தி நூலைவிட மெல்லியது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. அதை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் இடம் மாறியிருந்தது. ஜெட்டியின் மரத்தூண்கள் பாதியை எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தூண் போட்டிருந்தார்கள். ஐலண்டுப் பக்கம் துறைமுகத்து மண்வாரிக் கப்பல் வேலைசெய்துகொண்டிருந்தது. அதன் குழாய் மிதவைகள் காயலின் நடுவரை நீண்டிருந்தன. முதல் இரண்டு காலைகளில் நான்கு போட்டுகளுக்கும் இறக்கினோம். ஒரு கெளுத்தி, நண்டு கடித்த இரண்டு இறால். பழைய ஸ்ராங்கு எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "எவிடாயிருந்நு? மீனெல்லாம் ரிட்டயராயி!" என்று கத்தினான். அண்ணன் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் அவன் தூண்டிலே எடுக்கவில்லை. கட்டிக்கிடந்த ஒரு கெட்டுவள்ளத்தின் முனையில் ஏறி உட்கார்ந்து, காலை முழுவதும் போட்டுகளை மட்டும் பார்த்தான். அரை நாள் வேலை போனது. பத்து மணிக்கு இறங்கிவந்து சொன்னான்:

"குழாய ஒதுக்கிட்டுப் போறதுக்காக எல்லா போட்டும் இப்பம் தெக்க வளஞ்சு வருது. அலை பழைய சொவரில அடிக்கல்லடே. அந்தா, அங்க அடிக்குது."

அவன் காட்டிய இடத்தில் எப்போதோ இடிந்துபோன ஒரு தனியார் ஜெட்டியின் இரண்டு தூண்கள் மட்டும் நீரில் நின்றன. பின்னால் பாசி பிடித்த கல்படி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு போட்டு வளைந்து போனது. அலை படியில் ஏறி இறங்கியது. படியோரம் பொடி இறால்கள் துள்ளின.

"போட்டு மாறினா அலை மாறும். அலை மாறினா எறாலு மாறும். அவன் மட்டும் அங்கேயே நிப்பானா?"

நான்காம் நாள் ஏழு பத்துக்கு அவன் சொன்ன இடத்தில் மீன் இரையைக் கவ்வியது. புது நூலின் வழுக்கல் கைக்குப் பழகவில்லை. ஒரு முழம் கூடுதலாக ஓடவிட்டுவிட்டான். தூணில் உரசி அறுந்தது. அறுந்த நுனியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் மழை.

ஆறாம் நாள் படையல் நாள். ஐஸ் கிடையாது, முன்கூட்டியே பிடித்து வைக்கவும் முடியாது; அதுவரை போட்டதெல்லாம் இடத்தையும் கையையும் பழக்கத்தான். அதனால் அது எப்படியும் அந்தக் காலைக்குத்தான் வந்து நின்றிருக்கும். அப்பா இறந்த அதே திதி. காயலின் ஏற்றமும் வற்றமும் நிலவின் கணக்கில் நடப்பவை. எனவே போன வருஷம் அந்த நேரத்தில் நீர் எந்தக் கல்லில் நின்றதோ அநேகமாக அதே கல்லில்தான் அன்றும் நின்றது. நான் இதைக் கவனித்தேன். அண்ணனும் கவனித்திருப்பான்.

கிளம்பும்போது அம்மா என்னிடம், "எட்டு மணிக்கு அடுப்பு மூட்டணும்" என்றாள். அவ்வளவுதான்.

முதல் நாளே துறைமுக அலுவலகத்தில் எழுதியெடுத்த பட்டியல் என் பையில் இருந்தது. ஒரு சரக்குக் கப்பலை ஆறரை மணிக்கு உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று அதில் இருந்தது. அப்படியானால் இழுவைப் படகு எங்கள் தூண்களை ஒட்டிக் கடந்து போக வேண்டும். இழுவைப் படகின் அலை ஏழு நாற்பது போட்டின் அலையைவிடப் பெரியது. வள்ளம் ஏறும்போது அண்ணனிடம் சொன்னேன். தலையசைத்தான்.

பாதி தூரம் போனபின் இன்னொன்றையும் சொன்னேன்.

"அண்ணே, இன்னிக்கு அம்மைட்ட நான் சொல்லிருதேன்."

"என்னத்த?"

"அன்னிக்கு இருன்னு சொன்னது நானாக்கும்னு."

அவன் இரண்டு முறை துடுப்பு வலித்தான்.

"கல்ல எறக்கினது யாருடே?"

"நீ."

"பின்ன?"

இன்னும் கொஞ்சம் வலித்தபின் அவன், "ரெண்டு பேரும் வெளிய நின்னுட்டா அவளுக்கு ஆரு இருக்கா? வாயப் பொத்திட்டு மணியப் பாரு" என்றான்.

வாயைப் பொத்திக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது. அதை இப்போது எழுதுவதுதான் எளிதாக இல்லை.

ஆறு இருபது போட்டு போனது. ஒன்றுமில்லை. ஆறு முப்பத்தாறுக்கு இழுவைப் படகு வந்தது, பட்டியலில் இருந்ததைவிட ஆறு நிமிடம் தாமதம். கரிப்புகையும் சத்தமுமாக எங்களைத் தாண்டியது. முதல் அலையில் வள்ளம் பாதி நிறைந்தது. நான் ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறுகையில் கடிகாரத்தைப் பார்த்தேன். "இப்பம்" என்றேன். அண்ணன் இறக்கினான். இறால் அடியைத் தொட்டிருக்காது. நூல் எங்கள் பக்கமாகத் தளர்ந்து வந்தது.

இந்த முறை ஒரு சாண்கூட விடவில்லை. தங்கூசி அவன் ஆள்காட்டி விரலை எலும்புவரை அறுத்தது, பிறகுதான் பார்த்தோம். மீன் மேலே எழுந்து தலையை உதறியது. நான் வலையைக் கொடுத்தேன். வள்ளத்தின் அடியில் தேங்கியிருந்த நீரில் அது வாலை அடித்தது. போன வருஷத்து மீனின் அளவு இருக்கும். அண்ணன் அதன் தலைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, விரலிலிருந்து ரத்தம் ஒழுக, கரைவரை அப்படியே குந்தியிருந்தான். துடுப்பு வலித்தது நான்தான்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழு ஐந்து. அண்ணன் மீனை முன்னால் நீட்டினான். அம்மா மீனைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். அவன் காத்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன்.

அம்மா என்னிடம் திரும்பினாள். "அருவாமணைய எடு. அவங்கிட்ட வெரலுக்கு மஞ்சப்பொடி வச்சுக் கெட்டச் சொல்லு."

அண்ணன் மீனை முறத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். போகும்போது என்னிடம், "படைச்சு முடியட்டும், பேசுவா" என்றான்.

படையலில் குறை எதுவும் இல்லை. சாம்பிராணி போட்டது அண்ணன். இலை விரித்தது அண்ணன். விழுந்து கும்பிட்டபோது நெற்றி தரையில் வெகுநேரம் இருந்தது. கதவைச் சாத்தி, இறந்தவர் தின்பதற்கான நேரம் வெளியே நின்றோம். என் கடிகாரத்தில் ஏழு நிமிடம். அம்மா மறுபடி கதவைத் திறந்தாள். எங்கள் இருவருக்கும் இலை போட்டாள்.

படையல் இலையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் பங்கிடுவார்கள். மீன் வைத்த படையலில் தலைத் துண்டு இறந்தவரின் மூத்த மகனுக்கு. இனி இந்த வீட்டுக்கு அவன்தான் பெரியவன் என்பது அதற்கு அர்த்தம். யாரும் வாயால் சொல்வதில்லை. தலை எந்த இலைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும்.

அம்மா அண்ணனின் இலையில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நடுத்துண்டுகளில் நல்லதாக இரண்டை வைத்தாள். பிறகு என் பக்கம் வந்தாள். கரண்டியில் தலை இருந்தது. என் சோற்றின்மேல் அதை வைத்து, உருளாமல் விரலால் சரிசெய்தாள்.

அண்ணன் என் இலையைப் பார்த்தான். அம்மா வேண்டுமென்று செய்தாளா, கை போன போக்கில் செய்தாளா என்று அவள் முகத்தில் தேடினேன். வேண்டுமென்றுதான். அவள் ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்த காரியம் அது.

அம்மா அதன்பின் ஆறு வருஷம் இருந்தாள். அண்ணன் அந்தத் தை மாதமே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு எழுதும் கடிதங்களை அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எல்லாம் 'அவனுக்கு எழுது' என்றுதான் தொடங்கும்.

அன்று அந்த இலைக்கு முன்னால் நான் சொல்ல வேண்டியிருந்த வாக்கியம் மிகச் சிறியது. மூன்றடி தூரத்தில் அம்மா நின்றிருந்தாள். நான் சோற்றில் கை வைக்காமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

"தின்னு, ஆறிரும்" என்றாள் அம்மா.

அண்ணன் துணி சுற்றிய விரலை மடக்கிக்கொண்டு சோற்றைப் பிசையத் தொடங்கியிருந்தான். தலை நிமிராமலே, "முள்ளப் பாத்துத் தின்னுடே" என்றான்.

நான் தின்றேன். கன்னத்துச் சதையையும் கண்ணையும் தின்றேன், எலும்பை உறிஞ்சி இலையோரம் வைத்தேன். அம்மா வாசற்படியில் நின்று, நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.